குளிர் ஊரில் ஒரு சில்லர்... ஓசூர் மாமா வீட்டு மீன் தொட்டி சொன்ன கதை!

போன மாதம் எங்கள் தளத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். `கோடையில் செல்லப் பிராணிகளைப் பாதுகாக்க 10 வழிகள்.' நாய்க்கு நாலு பத்தி, பூனைக்கு மூன்று, கிளிக்கு இரண்டு. மீனுக்கு ஒரே ஒரு வரி: `தொட்டியை வெயில் படாத இடத்தில் வையுங்கள்.'

அன்று இரவே ஓசூரிலிருந்து மாமா போன் செய்தார்.

"கட்டுரை படிச்சேம்மா. நல்லாருக்கு. ஆனா மீனுக்கு ஒரு வரிதானா?"

"மீனுக்கு வேற என்ன மாமா எழுதறது?"

"ஒரு தடவ ஊருக்கு வா, சொல்றேன்."

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

ஜன்னலைச் சாத்தச் சொன்ன ஊர்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் 50 கிலோமீட்டர்தான். ஆனால், அந்த 50 கிலோமீட்டருக்குள் சாலை சுமார் 400 மீட்டர் மேலே ஏறிவிடும். சின்ன வயதில் மே மாத லீவுக்கு இந்த வழியில் வரும்போது, சூளகிரி தாண்டியதும் அம்மா பஸ் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். "மாமா ஊர் காத்து வந்துடுச்சு, காதுல படும்" என்பார். இந்த முறை ஓசூர் பேருந்து நிலையம் வரை ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். அம்மா சொன்ன காற்று வரவில்லை.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. வெள்ளைக்காரர்கள் இங்கே தங்க ஆசைப்பட்டதற்கு அந்தக் குளிர்தான் காரணம். `லிட்டில் இங்கிலாந்து' என்று இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824-ல் தொடங்கப்பட்டது. அதன் பிறகு வந்தவை தொழிற்சாலைகள். 1971-ல் சிப்காட் நிறுவனம் உருவானது. அது ஓசூரில் தொழிற்பேட்டை அமைக்க, 1980-ல் டி.வி.எஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளியே வந்தது. அசோக் லேலண்ட், டைட்டன் என்று வரிசை நீண்டது. 2019-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. கடைப் பலகைகளில் தமிழும் கன்னடமும், தெருப்பேச்சில் தெலுங்கும் கலந்த எல்லை ஊர். ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம். அத்திப்பள்ளி டிராஃபிக்கில் மாட்டாத ஓசூர்க்காரர் கிடையாது.

மாமா வீடு ஜூஜூவாடி பக்கம், முதல் மாடியில். மேலே மொட்டை மாடி. பகல் வெயில் முழுவதையும் கூரை வாங்கி ராத்திரி வீட்டுக்குள் விடும். நான் சிறுமியாக இருந்தபோது இந்த வீட்டில் ஃபேன் போட்டால் அத்தை திட்டுவார். இப்போது ஹாலில் ஏ.சி இருக்கிறது. ஏ.சி-க்கு எதிர்ச்சுவரில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒரே ஒரு கோல்டு ஃபிஷ்.

"இதுதான் கேசரி" என்றார் அத்தை.

ஐந்தில் ஒன்று

மாமா பெண் காலேஜ் முதல் வருடம் படிக்கும்போது வாங்கிய மீன். ஆரஞ்சு நிறம் என்பதால் கேசரி. எட்டு வயதாகிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோல்டு ஃபிஷ் பத்து வருடத்துக்கு மேலும் வாழும். அவள் கல்யாணமாகி பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் போனபோது, "ஃபிளாட்ல இடம் இல்லப்பா" என்று தொட்டியை இங்கேயே விட்டுப் போனாள். மாமா நைட் ஷிஃப்ட் போகும் நாள்களில் அத்தைக்கு அந்த ஐந்து மீன்கள்தான் துணை. "விளக்கு போட்டா முன்னாடி வந்து நிக்கும். சாப்பாடுக்குத்தான்னு தெரியும். ஆனா யாரோ நமக்காகக் காத்திருக்கற மாதிரி இருக்கும்ல?"

இந்த ஊரில் தொட்டிக்கு ஒரு காலத்தில் ஹீட்டர்தான் வாங்கினார்கள். டிசம்பர் குளிரில் வெப்பமண்டல மீன்கள் சுருண்டுவிடும் என்பதால். கோல்டு ஃபிஷ்ஷுக்கு அதுவும் வேண்டாம். அது குளிர்ந்த நீர் மீன், ஓசூருக்கு என்றே பிறந்ததுபோல. நிலைமை மாறியது போன வருட மார்ச்சில். மதியம் ஆனால் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திறந்து மூடின. தண்ணீர் 30 டிகிரி. வீடியோ காலில் அதைப் பார்த்த மாமா பெண், தன் சம்பளத்தில் ஒரு சில்லர் வாங்கி அனுப்பினாள். தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சின்ன மெஷின்.

வாய் திறந்து மூடுவதற்கு ஒரு காரணம் உண்டு. தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். கடல் மட்டத்தில், 20 டிகிரி நல்ல தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.6. ஓசூர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், இதிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். அதாவது, இந்த ஊருக்குக் குளிரைக் கொடுத்த அதே உயரம், வெயில் காலத்தில் மீனின் மூச்சில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. மீனுக்கோ சூட்டில் உடல் இயக்கம் வேகமாகி, ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். கே.ஆர்.பி அணையில் இருக்கும் மீன், வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போய்விடும். ஒன்றரை அடித் தொட்டியில் எங்கே போகும்?

மாமாவுக்கு சில்லர் புதிதல்ல. சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் 27 வருடம் மெயின்டனன்ஸ் பார்த்து, போன வருடம்தான் ரிட்டயர் ஆனார். சில்லர் கட்டும்போது கடைக்காரர், "இதுக்குத் தனி பம்ப் வெச்சுடுங்க சார்" என்று சொன்னாராம்.

"நான்தாம்மா கேக்கல. ஏற்கெனவே ஃபில்டர்ல ஒரு மோட்டார் ஓடுது. அதோட தண்ணி எப்படியும் தொட்டிக்குத் திரும்பி வருது. வர்ற வழியில சில்லரைச் சொருகிட்டா போச்சு, எதுக்கு இன்னொரு பம்ப்புன்னு நெனச்சேன். சில ஆயிரம் மிச்சம் பண்ணேன்."

ஒரு மாதம் நன்றாக ஓடியது. ஏப்ரலில் தர்மபுரியில் ஒரு கல்யாணம். இரண்டு நாள் வெளியூர். பக்கத்து வீட்டுப் பையன் தீனி போட வந்தவன், சில்லர் டிஸ்ப்ளேயைப் பார்த்து போனில் சொன்னான்: "24 காட்டுது அங்கிள், ஓகே."

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது நாலு மீன்கள் மிதந்தன. கேசரி மட்டும் ஃபில்டர் தண்ணீர் விழும் மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சில்லர் டிஸ்ப்ளேயில் அப்போதும் 24. தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய தெர்மாமீட்டரில் 31.

இரண்டு டம்ளர் பாடம்

"ரெண்டுல எது பொய் மாமா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் உண்மைதான். வா, டீ குடிச்சிட்டே சொல்றேன்" என்று சிப்காட்டுக்கு வண்டியை எடுத்தார். ஷிஃப்ட் முடியும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. டீக்கடை பெஞ்சில் இரண்டு காலி டம்ளர்களை எடுத்து வைத்தார்.

"இது சில்லர். இது தொட்டி. சில்லர்க்குள்ள ஒரு குளிர்ச் சுருள் இருக்கு. தண்ணி அதைத் தொட்டுட்டு வெளிய போகும்போது சூட்டை விட்டுட்டுப் போகும். தண்ணி எவ்ளோ டிகிரின்னு பாக்கற சென்சாரும் அந்த சில்லர்க்குள்ளதான் இருக்கு. தொட்டியில இல்ல. இதை ஞாபகம் வெச்சுக்கோ."

கோல்டு ஃபிஷ் நிறையக் கழிவு போடும் மீன். ஃபில்டர் பஞ்சு சீக்கிரம் அடைக்கும். அடைத்தால் தண்ணீர் வேகம் குறையும். மெதுவாகப் போகும் தண்ணீர் சுருள் பக்கத்திலேயே நின்று நின்று சில்லிட்டுப்போகும். சென்சார் அந்தத் தண்ணீரைத்தான் பார்க்கிறது. 24 வந்துவிட்டது என்று கம்ப்ரஸரை நிறுத்திவிடும். வெளியே 200 லிட்டர் தண்ணீர் சூடாகவே கிடக்கும். டிஸ்ப்ளே சொன்னது மெஷினுக்குள் இருந்த தண்ணீரின் கதை, தெர்மாமீட்டர் சொன்னது தொட்டியின் கதை.

"அன்னிக்கு பக்கெட் வெச்சு அளந்தேன். பத்து லிட்டர் நெறைய நாலு நிமிஷம். அப்படின்னா மணிக்கு 150 லிட்டர். மெஷின் மேல லேபிள்ல குறைஞ்சது 300 வேணும்னு போட்டிருக்கு."

தவறு அதோடு முடியவில்லை. சில்லரின் சுருளும் நீண்ட குழாயும் தண்ணீருக்குத் தடை. அந்தத் தடையையும் ஃபில்டர் மோட்டார்தான் தள்ள வேண்டும். அதனால், ஃபில்டர் வேலையும் மந்தமாகும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில்தான் வாழ்கிறது. தண்ணீர் சூடு ஏற ஏற அம்மோனியாவின் விஷத்தன்மையும் கூடும். ஒரு மோட்டாரை இரண்டு வேலைக்கு விட்டதில், இரண்டு வேலையும் ஒரே நாளில் கைவிட்டன.

"இதுல வெக்கக்கேடு என்னன்னா..." மாமா எதிரே இருந்த கம்பெனி கேட்டைக் காட்டினார். "இதே விஷயத்துக்குத்தான் உள்ள 27 வருஷம் சம்பளம் வாங்குனேன்."

மோல்டிங் மெஷினில் உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் போகும். அச்சைக் குளிர்ந்த தண்ணீர் சுற்றிவந்தால்தான் பொருள் சீக்கிரம் இறுகும். தண்ணீர் சூடானால் பொருள் கோணிப்போகும், ஒரு பீஸ் எடுக்க ஆகும் நேரமும் கூடும். நடுவில் ஒரு பெரிய டேங்க் இருக்கும். டேங்கிலிருந்து மெஷின்களுக்கு ஒரு பம்ப். டேங்கிலிருந்து சில்லருக்குப் போய்வர இன்னொரு பம்ப். மதியம் நாலு மெஷின் நிற்கும், ராத்திரி பத்து மெஷின் ஓடும். வால்வு மூடுவதும் திறப்பதுமாக அந்தப் பக்கம் ஓட்டம் ஏறி இறங்கும். சில்லருக்குப் போகும் ஓட்டம் மட்டும் மாறவே கூடாது. மாறினால் உள்ளே ஐஸ் கட்டும். அதற்காகவே தண்ணீர் குறைந்தால் மெஷினை நிறுத்தும் ஃப்ளோ ஸ்விட்ச்சும் இருக்கும்.

"கம்பெனியில ஒருநாளும் பண்ணாத தப்பை வீட்ல பண்ணேன். வீடுதானேன்னு ஒரு அலட்சியம்" என்றார். டீ ஆறிப்போயிருந்தது.

தனி பம்ப், தனி வழி

வீட்டுக்கு வந்ததும் புது அமைப்பைக் காட்டினார். தொட்டியின் இடது மூலையில் அடியில் ஒரு சின்ன பம்ப், 18 வாட். அதன் வாயில் ஒரு ஸ்பாஞ்ச், குப்பை சில்லருக்குள் போகாமல் இருக்க. அங்கிருந்து குழாய் சில்லருக்கு. குளிர்ந்த தண்ணீர் வலது மூலையில் திரும்ப விழுகிறது. எடுக்கும் இடமும் விடும் இடமும் பக்கத்தில் இருந்தால், விட்ட குளிர்ந்த நீரையே பம்ப் மறுபடி இழுக்கும். பழைய ஏமாற்றம்தான் திரும்ப நடக்கும். ஃபில்டர் இப்போது தன் பாட்டில் தனியே ஓடுகிறது.

பம்ப் அட்டைப்பெட்டியில் மணிக்கு 1,200 லிட்டர் என்று போட்டிருந்தது. மாமா என் கையில் பக்கெட்டைக் கொடுத்தார். திரும்பிவரும் குழாயைப் பிடித்தேன். பத்து லிட்டர் நிறைய 58 விநாடி. கணக்குப் போட்டால் மணிக்கு 620 லிட்டர். குழாய், வளைவு, சுருள் எல்லாம் சேர்ந்து பாதியைத் தின்றுவிட்டன. "பெட்டியில போட்டிருக்கறது தடையே இல்லாம ஓடுனா வர்ற அளவு. நமக்கு வேணுங்கறது பக்கெட் சொல்ற அளவு" என்றார். இவர் மெஷினின் லேபிள் கேட்பது 300 முதல் 1,000 வரை. 620 நடுவில் வசதியாக உட்கார்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம். தண்ணீருக்குள் இன்னொரு மோட்டார் ஓடினால், அதுவும் சூடு தருமே?

"தரும். 18 வாட் மோட்டார் இழுக்கற கரன்ட் கிட்டத்தட்ட முழுசும் கடைசியில தண்ணியில சூடாத்தான் முடியும். அதனாலதான் பெரிய பம்ப் வாங்கக் கூடாது. என் சில்லர் 300 வாட் அளவுக்குச் சூட்டை வெளிய எடுக்குது. அதுல 18 போனா பரவால்ல."

கரன்ட் பில்? 18 வாட் நாள் முழுக்க ஓடினால் மாதம் 13 யூனிட், இரண்டு மாத பில்லில் 26 யூனிட். பம்ப்பை நிறுத்தி மிச்சம் பிடிக்கவும் முடியாது. தண்ணீர் ஓடினால்தான் உள்ளே இருக்கும் சென்சாருக்குத் தொட்டியின் நிலவரம் தெரியும். தொட்டிக்குள் சென்சார் விடும் வெளிக் கன்ட்ரோலர் இருந்தால் மட்டும் பம்ப்பையும் சில்லரையும் சேர்த்து நிறுத்தி ஓட்டலாம்.

இன்னொரு லாபத்தை அத்தை சொன்னார். "கரன்ட் போனா ஃபில்டரும் ஏர் பம்ப்பும் இன்வெர்ட்டர்ல ஓடும்மா. சில்லரை இன்வெர்ட்டர் தாங்காது. அது பாட்டுக்கு நிக்கட்டும். ஃபில்டர் கழுவ நிறுத்துனாலும் சில்லர் தன் பாட்டுல ஓடும். ஒண்ணு நின்னா இன்னொண்ணும் நிக்கற பழைய கதை இல்ல."

குளிரை உற்பத்தி செய்யும் ஊர்

சாயங்காலம் மாமாவுடன் தளி ரோடு பக்கம் ஒரு சுற்று. அமுதகொண்டப்பள்ளியில் டான்ஃப்ளோரா பூங்கா இருக்கும் பகுதி இது. வரிசையாகப் பசுமைக்குடில்கள். ஓசூர் ரோஜா வெளிநாடு போவதற்கு இந்த ஊர்க் குளிர்தான் முதல் காரணம். ஆனால், செடியிலிருந்து வெட்டிய பிறகு அந்த ரோஜாவும் குளிர் அறைக்குத்தான் போகிறது. அச்சுக்குக் குளிர்ந்த தண்ணீர், பூவுக்குக் குளிர் அறை, ஹாலுக்கு ஏ.சி, கேசரிக்கு சில்லர். காற்றில் சும்மா கிடைத்த குளிரை இப்போது மெஷின் வைத்துத் தயாரிக்கிறார்கள். எந்த மெஷினும் சூட்டை அழிப்பதில்லை. ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுகிறது, அவ்வளவுதான். மாமா வீட்டுச் சில்லரின் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தேன். அனல். அதனால்தான் அதைத் தொட்டிக்குக் கீழே மூடிய அலமாரியில் வைக்காமல், பின்வாசல் ஜன்னலோரம் வைத்திருக்கிறார்.

தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரும் தூரத்திலிருந்து வருவதுதான். தெருக் குழாயில் ஒகேனக்கல் குடிநீர். அதை ஒருநாள் திறந்து வைத்து, குளோரின் போனபிறகுதான் தொட்டியில் விடுகிறார்கள். ஊரை ஒட்டி ஓடும் தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நுரை பொங்குவதை நீங்களும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். பெங்களூரு பக்கக் கழிவு கலந்து வரும் தண்ணீர் அது. "அந்த ஆத்துல மீனுக்கு யார் பம்ப் வெக்கறது?" என்றார் அத்தை. நானும் மாமாவும் பதில் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுத் தொட்டிக்கு...

மாமாவிடம் கேட்டு எழுதிக்கொண்டவை இவை.

* சில்லர் வாங்கும் முன்பு ஒரு சின்ன ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் வீசவிட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 0.67 யூனிட் அளவு வெப்பம் வெளியேறும். காற்று உலர்ந்த ஊர்களில் இரண்டு மூன்று டிகிரி இறங்கலாம். பல வீடுகளுக்கு இதுவே போதும். குறையும் தண்ணீரை மட்டும் ஈடுகட்ட வேண்டும்.

* ஐஸ் கட்டியைத் தொட்டியில் கொட்ட வேண்டாம். திடீர் மாற்றம், சூட்டைவிட மோசம்.

* சில்லரிடம் பொறுமை வேண்டும். 200 லிட்டர் தண்ணீரை 30-லிருந்து 24 டிகிரிக்கு இறக்க சுமார் 1.4 யூனிட் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். 300 வாட் எடுக்கும் மெஷினுக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அறைச் சூடு உள்ளே வருவதையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

* தனி பம்ப் எல்லோருக்கும் கட்டாயம் அல்ல. சின்ன இறால் தொட்டி, செடித் தொட்டி போன்று கழிவு குறைவாக இருந்து, ஃபில்டரின் உண்மையான ஓட்டம் சில்லர் கேட்கும் அளவுக்குள் இருந்தால், ஒரே வழியில் ஓட்டலாம். ஆனால், பஞ்சு சுத்தம் தவறக் கூடாது. கோல்டு ஃபிஷ் வளர்ப்பவர்கள் யோசிக்காமல் தனி பம்ப் வைத்துவிடலாம்.

* மாதம் ஒருமுறை பக்கெட் வைத்து அளந்து, காலண்டரில் எழுதுங்கள். பம்ப் வாயில் உள்ள ஸ்பாஞ்ச்சும் அடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் காலை மாமா பெண் வந்தாள். அத்திப்பள்ளியில் ஒரு மணி நேரம் நின்றதாகச் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றியவள், நேராகத் தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தாள். போன வருடம் நாலு மீன்கள் போனதை மாமா அன்றே போனில் சொல்லியிருக்கிறார். "என் தப்புதாம்மா, தனி பம்ப் வெக்கல" என்றாராம். அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அழுதுவிட்டாள் என்பதுதான் அவருக்கு இன்றுவரை ஆறவில்லை. புது மீன் வாங்கச் சொல்லி அத்தை எத்தனையோ முறை கேட்டும், "ஒரு கோடை முழுசா தாண்டட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டு வருகிறார்.

அவள் சில்லரைப் பார்த்தாள். 24. கண்ணாடியில் ஒட்டிய தெர்மாமீட்டரைப் பார்த்தாள். 24-க்கும் 25-க்கும் நடுவே.

"ரெண்டும் ஒண்ணு சொல்லுதுப்பா" என்றாள்.

மாமா ஒன்றும் பேசவில்லை. தீனி டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். விளக்கைப் போட்டதும் கேசரி முன்னால் வந்து நின்றது.

திங்கட்கிழமை ஆபீஸ் வந்ததும் முதல் வேலையாக என் பழைய கட்டுரையைத் திறந்தேன். மீனுக்கு எழுதியிருந்த அந்த ஒரு வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: `சில்லர் வைத்திருப்பவர்கள் அதன் டிஸ்ப்ளேயை மட்டும் நம்பாதீர்கள், தொட்டிக்குள் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள்.'

லிங்க்கை மாமாவுக்கு அனுப்பினேன். "இப்போ சரிம்மா" என்று பதில் வந்தது.